வாசலில் கொடுக்கும் பணம்: விமானிகளின் போனஸும் சங்கத்தின் பேர வலிமையும்

சில வாரங்களுக்கு முன் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு சிறு வாதம் எழுந்தது. எங்களுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் செய்தி ஒன்றைப் படித்திருக்கிறார். “அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் சில சிறிய விமான நிறுவனங்கள், அனுபவமுள்ள விமானி ஒருவர் வந்து கையெழுத்திட்டாலே ஒரு லட்சம் டாலர் வரை கொடுக்க முன்வந்தனவாமே! அதே ஆண்டில் அந்நாட்டு விமானிகள் வேலைநிறுத்தத்திற்கும் வாக்களித்திருக்கிறார்கள். அள்ளிக் கொடுக்கும் முதலாளியை மிரட்டுவது நியாயமா, ஐயா?” என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த ஆசிரியை, “கொடுக்கிற கை தானாகவே கொடுக்கும்போது சங்கம் எதற்கு?” என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டோம்.

மணி அடித்தாலும் கேள்வி தீரவில்லை. சம்பளம், சங்கம், பேரம் என்பவை தோட்டப்புறத்தில் வாழும் நமக்குப் புதியவை அல்ல. இருந்தும், வேலையில் சேருமுன்னே ஒருவருக்குக் கொடுக்கும் பணத்திற்கும், சேர்ந்தபின் எல்லோருக்கும் கொடுக்கும் சம்பளத்திற்கும் உள்ள வேற்றுமையை நாம் ஆழ்ந்து எண்ணுவதில்லை. அமெரிக்க விமானிகளின் கதை அவ்வேற்றுமையைத் தெளிவாகக் காட்டுகிறது. அதனை ஈண்டு விளக்க முயல்வேன்.

கரும்பலகைக் கணக்கு

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, முறை மெய்யானது. ஒரு நிறுவனத்தில் 1,000 விமானிகள் இருக்கின்றனர். ஆண்டுக்கு 100 புதியவர்கள் தேவை. கொடுக்கும் சம்பளத்திற்கு ஆள் வரவில்லை. நிறுவனத்தின் முன் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சம்பளத்தை உயர்த்துவது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5,000 டாலர் உயர்த்தினால், 1,000 பேருக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் ஆகும். அடுத்த ஆண்டும் அதே 50 லட்சம்; அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே. விடுமுறைச் சம்பளம், ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு ஆகியவை சம்பளத்தின் அளவில் கணக்கிடப்படுவதால், அவையும் கூடவே ஏறும். பின்னால் வரும் ஒவ்வோர் உயர்வும் இந்த உயர்ந்த தொகையின்மேல்தான் ஏறும்.

இரண்டாம் வழி, புதிதாக வரும் 100 பேருக்கு மட்டும் ஆளுக்கு 20,000 டாலர் போனஸ் கொடுப்பது. செலவு 20 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு ஆள் தேவைப்படாவிட்டால் ஒரு காசும் செலவில்லை. பழைய 900 பேரின் சம்பளத்தில் மாற்றமே இல்லை.

இப்போது புதியவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கையில் 20,000 டாலர்! சம்பள உயர்வோ ஆண்டுக்கு 5,000 தான். போனஸ் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் நான்காம் ஆண்டு முடிவில் இரண்டும் சமமாகின்றன. ஐந்தாம் ஆண்டிலிருந்து போனஸ் பெற்றவர் நட்டத்தில் இருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினால் சம்பள உயர்வு 1,25,000 டாலர் தந்திருக்கும். மேலும், பல ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் போனஸைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற விதியும் உண்டு.

ஆகவே போனஸ் என்பது தாராள மனத்தின் அடையாளம் அன்று. அது ஒரு கணக்கு. ஆள் பஞ்சத்தின் விலையை எல்லோருக்கும் கொடுக்காமல், வாசலில் நிற்பவருக்கு மட்டும் கொடுத்து முடிக்கும் கணக்கு.

பணிமூப்பு என்னும் ஏணி

வாசலில் நிற்பவருக்கு மட்டும் அந்த விலை ஏன் கிடைக்கிறது? உள்ளே இருக்கும் அனுபவசாலி வேறு நிறுவனத்திற்குப் போய்விடுவேன் என்று சொல்லித் தம் விலையை உயர்த்திக்கொள்ளக் கூடாதா? இவ்வினாவுக்கு விடை ‘பணிமூப்பு’ என்பதில் இருக்கிறது.

அமெரிக்க விமானியின் வாழ்வு முழுவதும் பணிமூப்புப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. எந்த விமானத்தை ஓட்டுவது, துணை விமானி எப்போது தலைமை விமானி ஆவது, எந்த ஊரில் தங்குவது, தீபாவளியோ கிறிஸ்துமஸோ எந்த நாளில் விடுப்பு என்பவை எல்லாம் அப்பட்டியலின் வரிசைப்படியே நடக்கும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றில் சேர்பவர் தம் மூப்பைக் கையில் எடுத்துச் செல்ல முடியாது. இருபது ஆண்டு வானில் பறந்தவரும் புதிய இடத்தில் பட்டியலின் அடியில்தான் நிற்கவேண்டும்.

இதனால் விளைவது யாது? பெரிய நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு கழித்தவரை அவருடைய மூப்பே கட்டிவைத்திருக்கிறது. ‘வேறிடம் போவேன்’ என்று அவர் சொன்னால் முதலாளி நம்பமாட்டார். எங்கும் கட்டுப்படாத புதியவருக்கு மட்டுமே சந்தை விலை கிடைக்கிறது. உள்ளே இருப்பவருக்குச் சந்தை இல்லை. சங்கமே அவருடைய சந்தை. தனியாக வெளியேற முடியாத ஆயிரம் பேர் ஒன்றாகப் பேசும்போதுதான் அவர்கள் உழைப்புக்கு விலை பிறக்கிறது. மூத்த ஆசிரியையின் கேள்விக்கு இதுவே முதல் விடை.

சங்கம் பிறந்த கதை

அமெரிக்க விமானிகள் சங்கம் 1931ஆம் ஆண்டில் சிக்காகோவில் தோன்றியது. அதன் முதல் தலைவர் டேவிட் பென்கி என்னும் விமானி. பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. மறு ஆண்டே, 1932இல், செஞ்சுரி ஏர்லைன்ஸ் என்ற நிறுவனம் சம்பளத்தைக் குறைக்க முற்பட, விமானிகளுக்கும் அதன் முதலாளி இ. எல். கார்டுக்கும் மோதல் ஏற்பட்டது. வேலையின்றித் திரிந்தவர்களைக் கொண்டு வேலைநிறுத்தத்தை உடைக்க அவர் முயன்றார். சங்கத்தார் நாடாளுமன்றத்தாரிடம் சென்று, பயணிகளின் பாதுகாப்பையே தம் வழக்காக எடுத்துவைத்தனர். விமானியின் சம்பளமும் பயணியின் உயிரும் ஒரே நூலில் கோத்தவை என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை.

1934ஆம் ஆண்டில் தேசியத் தொழிலாளர் வாரியம் விமானிகளின் ஊதிய முறை பற்றித் தீர்ப்பளித்தது. மாதத்தில் 85 மணி நேரத்திற்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பு அதில் இடம்பெற்றது. பின்னர் 1936இல், ரயில்வே ஊழியர்களுக்காக 1926இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இன்றுவரை விமானிகளின் பேரம் அச்சட்டத்தின் கீழேயே நடக்கிறது.

அச்சட்டத்தின் போக்கு விசித்திரமானது. கூட்டு ஒப்பந்தம் குறித்த நாளில் காலாவதி ஆவதில்லை. ‘திருத்தத்தக்கது’ என்ற நிலையை மட்டுமே அடைகிறது. புதிய ஒப்பந்தம் வரும்வரை பழைய சம்பளமே நடக்கும். பேச்சு முறிந்தால் தேசிய சமரச வாரியம் தலையிடும். இனிச் சமரசத்திற்கு வழியில்லை என்று வாரியமே விடுவித்து, அதன்பின் 30 நாள் பொறுத்திருந்த பிறகே வேலைநிறுத்தம் செய்யலாம். அப்போதும் அதிபர் ஓர் அவசரக் குழுவை அமைத்து அதனைத் தள்ளிப்போட முடியும். ஆகவே பேரம் ஆண்டுக்கணக்கில் நீள்வது வழக்கம்.

இந்த நீண்ட காத்திருப்பில்தான் போனஸ் முதலாளிக்குக் கைகொடுக்கிறது. ஆள் பஞ்சம் சங்கத்தின் கையில் உள்ள பெரிய ஆயுதம். விமானம் ஓட்ட ஆள் இல்லையேல் முதலாளி பேச்சு மேசைக்கு விரைந்து வருவார். ஆனால் போனஸ் கொடுத்து அந்தப் பஞ்சத்தைத் தற்காலிகமாகத் தணித்துவிட்டால் அவருக்கு அவசரம் இல்லை. கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றே திறந்து ஆவியை வெளியே விடுவது போன்றது இது.

சட்டத்தில் ஒரு நுண்ணிய வழக்கும் உண்டு. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளபோது, அதனை மீறித் தனித்தனி ஊழியரோடு முதலாளி சம்பளம் பேசிக்கொள்ள முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இல் தீர்ப்பளித்தது. அப்படியானால் போனஸ் செல்லுமா? “வேலையில் சேராதவர் இன்னும் எங்கள் ஊழியர் அல்லர், அவரை அழைத்துவரக் கொடுப்பது சம்பளமும் அன்று” என்பது நிறுவனத்தின் வாதம். “சேர்ந்த பிறகு தவணை தவணையாகக் கொடுக்கப்படும் பணம் சம்பளம் இல்லாமல் வேறென்ன?” என்பது சங்கத்தின் வாதம். எது வெல்லும் என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் எழுதும் சங்கம் ஒவ்வொரு சொல்லையும் ஏன் எடைபோட்டு எழுதவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

புதியவரைக் கொண்டு பழையவரைப் பிரித்தல்

புதியவரையும் பழையவரையும் வேறு வேறு விலையில் வாங்குவது புதிய உத்தி அன்று. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு விமானப் போக்குவரத்தின்மீது இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. போட்டி கடுமையாயிற்று. 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், அதுவரை பணியில் இருந்தவர்களுக்கு ஒரு சம்பளம், இனி வருபவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்னும் இரட்டைப் படி முறையைக் கொண்டுவந்தது. ஒரே விமானம், ஒரே வேலை, ஆனால் இரண்டு சம்பளம்! பழையவர்களுக்கு நட்டமில்லை, புதியவர்களுக்கோ அப்போது வாக்கு இல்லை. ஆதலின் எதிர்ப்பு குறைவு.

1985இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் இம்முறையைக் கொண்டுவர முற்பட்டபோது விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் முன்கூட்டியே ஏறக்குறைய 570 புதிய விமானிகளைப் பயிற்றி வைத்திருந்தது. அவர்கள் வந்து விமானம் ஓட்டுவார்கள், சங்கம் உடைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. வெளியிலிருந்து வரும் அனுபவசாலிகளுக்குக் கீழ்ப்படியினும் கூடுதலான சம்பளமும் காட்டப்பட்டது. ஆனால் அந்த 570 பேரில் மிகச் சிலரைத் தவிர எவரும் மறியல் கோட்டைத் தாண்டவில்லை. இன்னும் சங்கத்தின் முழுப் பயனை நுகராதவர்கள், வேலை போகும் என்று அறிந்தும் கருங்காலியாக மறுத்தனர். வேலைநிறுத்தம் முடிந்தபின் அவர்களைச் சேர்க்க நிறுவனம் மறுக்க, வழக்கு நீதிமன்றம் சென்று அவர்கள் பக்கம் தீர்ந்தது. இரட்டைப் படி முறையைச் சங்கம் முற்றிலும் தடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் புதியவர் பழையவரோடு சேர்ந்து நின்றால்தான் சங்கம் நிற்கும் என்ற பாடம் அன்று எழுதப்பட்டது.

இரட்டைப் படியும் சேர்க்கைப் போனஸும் மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிரானவை. முன்னது புதியவருக்குக் குறைத்துக் கொடுப்பது. பின்னது கூட்டிக் கொடுப்பது. உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. எல்லோருக்கும் ஒரே ஏணி என்ற கொள்கையை இரண்டுமே தவிர்க்கின்றன.

பஞ்சம் வந்த விதம்

இனி, ஒரு லட்சம் டாலர் வரை விலை ஏறியது எவ்வாறு என்பதைக் காண்போம். பெரிய நிறுவனங்கள் சிற்றூர்களுக்கான பயணங்களைச் சிறு நிறுவனங்களிடம் ஒப்படைப்பது அமெரிக்க வழக்கம். விமானத்தின் மீது பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் விமானியோ சிறு நிறுவனத்தின் ஊழியர். இச்சிறு நிறுவனங்களில் துணை விமானியின் முதலாண்டுச் சம்பளம் நெடுங்காலம் ஏறத்தாழ 20,000 முதல் 25,000 டாலர் வரையே இருந்தது. பயிற்சிக்கு அதைப்போல் பன்மடங்கு கடன் பட்டவர்கள் அவர்கள்.

2009 பிப்ரவரி 12ஆம் நாள் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் விழுந்தது. தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டனர். விசாரணையில் விமானிகளின் பயிற்சி, களைப்பு, குறைந்த சம்பளம் யாவும் பேசப்பட்டன. துணை விமானி முதல்நாள் இரவு நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குப் பறந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர் என்பதும் வெளியாயிற்று. மாண்டவர்களின் குடும்பத்தார் ஓயாது போராடினர். 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 250 மணி நேர அனுபவத்தோடு ஒருவர் துணை விமானி ஆகலாம். படையில் பறந்தவர்களுக்கும் கல்லூரிகளில் விமானக் கல்வி கற்றவர்களுக்கும் சில சலுகைகள் உண்டு.

கூடவே இன்னொரு கணக்கும் சேர்ந்தது. 2007 இறுதியில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனது. அதனால் தள்ளிப்போன ஓய்வுகள் ஐந்தாண்டு கழித்து, 2012 முடிவிலிருந்து, மீண்டும் தொடங்கின. பெரிய நிறுவனங்கள் சிறியவற்றிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டன. சிறியவை வாசலில் பணத்தைக் காட்டத் தொடங்கின. ஆயிரக்கணக்கில் ஆரம்பித்த போனஸ் பதினாயிரங்களாக வளர்ந்தது. ஆனால் போனஸ் மட்டும் போதவில்லை. ரிபப்ளிக் ஏர்வேஸ் என்ற நிறுவனம் 2015இல் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் தொடக்கச் சம்பளத்தை மணிக்கு 40 டாலராக உயர்த்த இசைந்தது. 2016இல், விமானிகள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டி, அது திவால் பாதுகாப்பும் கோரியது.

2020இல் தொற்றுநோய் வந்தது. விமானங்கள் தரையில் நின்றன. பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெறச் செய்தன. பயணிகள் திரும்பியபோது விமானி இல்லை. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான பீட்மாண்ட், என்வாய் ஆகியவை முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என அறிவித்தன. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. உயர்வின் ஒரு பகுதி 2024 ஆகஸ்டு வரைக்குமான தற்காலிக மிகுபடியாகவே முதலில் அறிவிக்கப்பட்டது. நிலையான ஏணியை உயர்த்த முதலாளி எவ்வளவு தயங்குவார் என்பதற்கு அதுவே சாட்சி.

அதே 2022 அக்டோபரில் டெல்டா நிறுவனத்து விமானிகள், தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யச் சங்கத்திற்கு அதிகாரம் அளித்து வாக்களித்தனர். வாக்களித்தோரில் நூற்றுக்கு 99 பேர் ஆதரவு. வேலைநிறுத்தம் நடக்கவில்லை, நடக்கவேண்டிய அவசியமும் நேரவில்லை. 2023 மார்ச்சில் உறுதியான ஒப்பந்தம், நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவிகித உயர்வு தந்தது. யுனைட்டெட், அமெரிக்கன் நிறுவனத்தாரைவிட டெல்டா விமானிகளுக்குச் சற்றே கூடுதலாக இருக்கவேண்டும் என்ற விதியும் அதில் எழுதப்பட்டது. அவ்வாண்டிலேயே மற்ற இரு நிறுவனங்களும் பெரும் உயர்வு கொடுத்து ஒப்பந்தம் செய்தன. இவை வாசலில் கொடுத்த பணம் அல்ல. ஏணியின் ஒவ்வொரு படியையும் உயர்த்திய பணம்.

நம் இளம் ஆசிரியருக்கு விடை இங்கே இருக்கிறது. அள்ளிக் கொடுத்ததும் வேலைநிறுத்தத்திற்கு வாக்களித்ததும் முரண்பட்ட செய்திகள் அல்ல. புதியவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை கொடுக்கும் நிலை வந்ததே, விமானியின் உழைப்பு ஏட்டில் எழுதிய சம்பளத்தைவிட விலை ஏறிவிட்டது என்பதற்குச் சான்று. முதலாளியே தம் கையால் எழுதிக் கொடுத்த சான்று! அதனைப் பேச்சு மேசையில் எடுத்துவைத்து, ‘வாசலில் கொடுப்பதை வீட்டுக்குள்ளும் கொடுங்கள்’ என்று கேட்பதே சங்கத்தின் வேலை.

வரமா, வலையா?

அப்படியானால் போனஸ் சங்கத்திற்கு நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். பஞ்சத்தைப் பறைசாற்றுவதால் அது நல்லது. பஞ்சத்தின் அழுத்தத்தைக் குறைப்பதாலும், நேற்று வந்தவருக்கு மூன்றாண்டு உழைத்தவரைவிட அதிகம் கிடைக்கச் செய்து உறுப்பினரிடையே மனக்கசப்பை விதைப்பதாலும் அது கெட்டது. ஆகவே சங்கங்கள் போனஸை ஒரேயடியாக மறுப்பதில்லை. ‘கொடுங்கள், ஆனால் எங்களோடு பேசிக் கொடுங்கள், புதியவருக்குக் கொடுத்தால் நிலைத்து நிற்பவருக்கும் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏணியை உயர்த்துங்கள்’ என்று கேட்கின்றன. நல்ல காலம் நிலைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2024இல் பல பெரிய நிறுவனங்கள் புதிய ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. அத்தகைய காலத்தில் போனஸ் ஓர் அறிவிப்புமின்றி மறையலாம். ஒப்பந்தத்தில் ஏறிய சம்பளம் அவ்வாறு மறைவதில்லை.

பேர வலிமை என்பது ஆள் பஞ்சத்தை மட்டும் பொறுத்ததன்று. நாட்டின் சட்டத்தையும் அரசின் நோக்கையும் பொறுத்தது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது தெரிந்த கதை. 1980இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் ‘விதிப்படி வேலை’ என்ற முறையில் நெருக்கியபோது, பிரதமர் லீ குவான் யூ தாமே தலையிட்டார். அடுத்த ஆண்டே பழைய சங்கம் மறைந்து புதிய சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் விவகாரம் அங்குச் சில வாரங்களில் முடிந்தது.

இறுதியாக நம் தோட்டத்தையே நினைத்துப் பார்க்கிறேன். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்த காலத்தில் முன்பணம் கொடுத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர்க்கடன் அடைக்கவும் கப்பல் ஏறவும் கொடுத்த அந்தப் பணம், இங்கு வந்தபின் கடனாகப் பேரேட்டில் ஏறியது. நன்கு படித்து, உரிமம் பெற்று, விரும்பினால் விலகும் உரிமையுள்ள விமானியை அந்த ஏழையோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் இருவருக்கும் பொதுவானது: ‘இந்தப் பணம் என் உழைப்பின் விலையா, அல்லது உழைப்பின் விலையைப் பற்றி நான் பேசாதிருப்பதற்கான விலையா?’

நம் மாணவர்கள் நாளை விமானிகளாகவும், பொறியாளர்களாகவும், தாதியர்களாகவும் போவார்கள். கையெழுத்திடும் இடத்தில் பணக்கட்டு ஒன்றை அவர்கள் காணக்கூடும். அதை வாங்குவதில் குற்றமில்லை. வாங்குமுன் கரும்பலகைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவும், உள்ளே ஏற்கெனவே நிற்பவர்களை நினைத்துப் பார்க்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம். கணக்கும் ஒழுக்கமும் ஒரே பாடத்தில் சேர்ந்து வரும் வாய்ப்பு ஆசிரியருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.